எட்டுப் போக வெள்ளாமை



இன்ஜினீயரிங் நாலு வருஷப் படிப்பு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஃபீஸ் எவ்வளவு, காலேஜ் பஸ் எத்தனை மணிக்கு, ஹாஸ்டலில் என்ன குழம்பு என்பதும் தெரியும். அந்த நாலு வருஷத்துக்குள்ளே பாடங்களை எப்படிப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும்" என்று நழுவி விடுகிறோம். அது தெரியாததால் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் படிப்பே நிற்க இருந்தது. அதனால் இந்தத் தடவை கைவைத்தியத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்குச் சுருளிப்பட்டியில் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம், கீழே ஆற்றுப் பக்கம் கொஞ்சம் நெல் வயல். மூத்த மகள் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இல் சட்டம் போட்டு 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள் அல்லவா, அந்த ஒதுக்கீட்டில் 2023இல் எலெக்ட்ரிகல் பிரிவில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது. அதற்கு மேல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. தெருவே மெச்சியது.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று மதினி போன் பண்ணினாள். "ஏத்தா, கணக்குலயும் கெமிஸ்ட்ரியிலயும் யூன்னு போட்ருக்காம். பெயிலாம்ல! ஒரு வருஷம் போச்சு. புள்ள ரெண்டு நாளாச் சாப்பிடல, கதவைச் சாத்திக்கிட்டு கெடக்கா. கூடலூர்ல இருந்து மாப்பிள்ளை கேட்டு வந்தாகள்ல, பேசாம அதையே முடிச்சுருவோமான்னு உங்கண்ணன் கேக்குறாரு."

"ஒரு வருஷம் போச்சு" என்ற அந்த ஒரு பேச்சில்தான் எல்லாத் தப்பும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் அதே வகுப்பில் திரும்ப உட்கார வேண்டும் என்பது நாம் பார்த்து வளர்ந்தது. அந்த அளவுகோலை வைத்துக் காலேஜை அளந்தால் சரிவருமா? அப்போது என் மகள் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாடத்திட்டப் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் வைத்திருந்தோம். அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சின்னமனூரில் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பத்தாவதோடு நின்றவள்; இன்ஜினீயரிங் பற்றி நான் சொன்னால் அவர் கேட்பாரா? ஆகவே அவருக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கினேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற 14,707 ஏக்கரும் இருபோகம். அணையில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் ஜூன் முதல் தேதி மதகைத் திறப்பார்கள், முதல் போகம். அதை அறுத்துவிட்டு இரண்டாம் போகம். இன்ஜினீயரிங்கும் அப்படித்தான். வருஷத்துக்கு இரண்டு செமஸ்டர், நாலு வருஷத்துக்கு எட்டு. மேல் வகுப்புகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் பரீட்சை; அப்புறம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மேயில் பரீட்சை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும் கவுன்சலிங் முடிந்து சேர்வதற்குள் கொஞ்சம் தள்ளிப் போகும்.

"முதல் போகத்துல ஒரு வயல்ல பூச்சி விழுந்து போச்சுன்னா, இரண்டாம் போகத்துக்கு உழாமலே இருந்துருவீகளாண்ணே?" என்று கேட்டேன்.

"அதெப்படி இருக்க முடியும்?" என்றார்.

அதேதான். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், ஒரு பாடத்தில் தேறாவிட்டால் அதற்கு அரியர் என்று பெயர். அரியர் இருந்தாலும் பிள்ளை அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம், கூடப் படிக்கிறவர்களோடு அதே பெஞ்சில் உட்காரலாம். அடுத்த பரீட்சைக் காலத்தில், புதுப் பாடங்களோடு பழைய பாடத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். வருஷம் எங்கேயும் போகவில்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்ப அவ ரெண்டாவது செமஸ்டர் கிளாஸுக்குப் போகலாமா?" என்றாள். போகலாமா என்ன, அன்றைக்கே மூன்று நாள் வகுப்பை விட்டிருந்தாள். அதுதான் உண்மையான ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் செமஸ்டரில் என்னதான் இருக்கிறது என்று புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். இவள் சேர்ந்தது '2021 விதிமுறை' என்கிற திட்டத்தில். ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டரில் பைத்தான் மொழி, தமிழர் மரபு, இவை ஆறும் எழுத்துப் பாடங்கள். தமிழர் மரபு என் மகள் சேர்ந்தபோது இல்லை, அடுத்த வருஷம்தான் வந்தது. நடுகல், சிற்பம், சிலம்பம், திணை என்றெல்லாம் அதில் வருகிறது. எலெக்ட்ரிகல் பெண்ணுக்கு நடுகல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. இவை தவிர ஆய்வகம் மூன்று. வாரத்துக்கு மொத்தம் 27 பீரியட்.

எலெக்ட்ரிகல் என்று சேர்ந்த பெண்ணுக்கு முதல் ஆறு மாதத்தில் எலெக்ட்ரிகல் என்ற பெயரில் ஒரு பாடம்கூட இல்லை, கவனித்தீர்களா? இதில்தான் பிள்ளைகள் சோர்ந்து போகிறார்கள். "கரண்ட்டைப் பத்திப் படிக்க வந்தா திரும்பவும் கெமிஸ்ட்ரியா அத்தை?" என்று இவளே என்னிடம் கேட்டிருக்கிறாள். முதல் வருஷம் நாற்றங்கால். எந்தப் பிரிவானாலும் கணக்கும் பௌதிகமும் ஆங்கிலமும் கெட்டிப்படட்டும், பிறகு பிடுங்கி நடலாம் என்று வைத்திருக்கிறார்கள். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு அந்த நாற்றங்கால்தான் ரொம்பக் கஷ்டமான காலம். பாடம் தெரிந்திருந்தும் கேள்வியின் இங்கிலீஷ் புரியாமல் போகிறது. (சிவில், மெக்கானிகல் இரண்டையும் தமிழ் வழியிலேயே படிக்க 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சில கல்லூரிகளில் வழி செய்தது. எலெக்ட்ரிகலுக்கு அது இல்லை.)

ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் கடைசியில் ஒரு எண் இருக்கும். அதுதான் கிரெடிட். வாரம் ஒரு பீரியட் பாடம் நடத்தினால் 1 கிரெடிட். ஆய்வகமானால் இரண்டு பீரியட்டுக்கு 1. கணக்கு 4, ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான் ஒவ்வொன்றும் 3, தமிழர் மரபு 1, ஆய்வகங்கள் 2, 2, 1. கூட்டிப் பாருங்கள், 22 வருகிறது. இப்படி எட்டு செமஸ்டரிலும் சேர்த்துச் சேர்த்து 160ஐ ஒட்டி வந்தால் பட்டம். பிரிவுக்குப் பிரிவு நாலைந்து கூடக்குறைய இருக்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2018இல் கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் 160 என்றுதான் சொன்னது. பால் கணக்கு அட்டை மாதிரிதான். விட்ட நாள் விட்டதுதான். ஆனால் ஊற்றிய பால் கணக்கில் நிற்கும். தேறிய பாடத்தின் கிரெடிட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவள் இரண்டு பாடம் போக 15 கிரெடிட் சம்பாதித்திருந்தாள். அண்ணனுக்கு அதுவே தெரியாது. "22க்கு 15ஆ? அப்ப முக்கால்வாசி வெள்ளாமை வீடு வந்துருச்சே!" என்றார். முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. நான் திருத்தவில்லை.

மார்க் கொடுப்பதும் நம் காலத்து மாதிரி இல்லை. ஓ என்றால் 10 புள்ளி, அப்புறம் ஏ பிளஸ் 9, ஏ 8, இப்படி இறங்கி சி என்றால் 5. அந்தப் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். கணக்கில் ஏ வாங்கினால் 8ஐ 4ஆல் பெருக்கி 32. தமிழர் மரபில் ஓ வாங்கினாலும் 10ஐ 1ஆல் பெருக்கி 10தான். எல்லாம் தேறிய பிள்ளைக்கு, மொத்தத்தையும் கூட்டி 22ஆல் வகுத்தால் வருவது ஜி.பி.ஏ. எட்டு செமஸ்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் சி.ஜி.பி.ஏ. ஆகவே எந்தப் பாடத்துக்கு ராத்திரி கண் விழிப்பது என்பதை இந்தக் கிரெடிட்டே சொல்லிக் கொடுத்துவிடும். 4 கிரெடிட் பாடத்தை விட்டுவிட்டு 1 கிரெடிட் பாடத்தை மனப்பாடம் செய்வது, அண்டாவை அடுப்பில் வைத்துவிட்டுச் சொம்பைத் துலக்கிக்கொண்டிருக்கிற கதை.

இப்போது இவள் எப்படிப் பெயிலானாள் என்று பார்ப்போம். இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுத்துப் பாடத்துக்கு 100 மார்க்கில் 40 காலேஜிலேயே போடுகிறார்கள். செமஸ்டருக்கு இரண்டு தடவை டெஸ்ட், அதோடு அசைன்மென்ட் மாதிரி வேலைகள். மீதி 60 பல்கலைக்கழகப் பரீட்சைக்கு. பரீட்சைத் தாள் 100க்கு இருக்கும், அதை 60க்குச் சுருக்குவார்கள். மொத்தத்தில் 50 வந்தால் பாஸ். ஆனால் அந்தப் பரீட்சைத் தாளிலேயே தனியாக 45 சதவீதம் வந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தோம். கணக்கில் இவள் வாங்கியது 43. சுருக்கினால் 26 மாதிரி. காலேஜ் மார்க் 32. இரண்டும் சேர்த்து 58. ஐம்பதைத் தாண்டியும் பெயில்! இரண்டே மார்க் குறைவு. இதற்குத்தான் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாமல், கூடலூர் மாப்பிள்ளை வரைக்கும் பேச்சுப் போனது.

நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட முடியும். இரண்டுக்கும் தேதி கொடுப்பார்கள், அந்தத் தேதி தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை அழுதுகொண்டு படுத்திருந்தால் தேதி ஓடிவிடும். நாங்கள் மனுப் போட்டோம். மார்க் மாறவில்லை. சரி, எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அரியர் என்றால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறி, சி.ஜி.பி.ஏ. 8.5 வாங்கினவர்களுக்குத்தான் டிஸ்டிங்ஷன். அது இவளுக்குப் போய்விட்டது. முதல் வகுப்பு போகவில்லை; 6.5 வாங்கி, ஐந்து வருஷத்துக்குள் எல்லாம் முடித்தால் அது கிடைக்கும். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகளில் நிறையப் பேர், எழுதி முடிக்காத அரியர் இருக்கிற பிள்ளையை உள்ளேயே விடுவதில்லை. ஆக, கடைசி வருஷத்துக்கு முன்னால் துடைத்துவிட வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட அரியர் குட்டி போடும். ஆனால் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் என்பது படிப்பை நிறுத்துகிற காரியமே இல்லை. ஒதுக்கீட்டில் வந்த அந்த இடத்தை விட்டுவிட்டால் திரும்ப யார் தருவார்கள்?

முன்னே சொன்ன உண்மையான ஆபத்து வருகைப் பதிவு. 75 சதவீதம் வேண்டும். உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணம் இருந்தால், சான்றிதழோடு 65 வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கும் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அப்போதுதான் நிஜமாகவே வருஷம் போகும். பாருங்கள், பெயிலானால் போகாத வருஷம், பெயிலானேனே என்று வீட்டில் படுத்துக்கொண்டால் போய்விடும். காதுகுத்து, கெடா வெட்டு, திருவிழா என்று நாம் பிள்ளையை நாள் கணக்கில் நிறுத்திக்கொள்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான் விழுகிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் ஏப்ரல், மே பரீட்சையும் ஒட்டி ஒட்டித்தான் வருகின்றன. அம்மனுக்கு நாம் அக்கினிச்சட்டி எடுத்துக்கொள்ளலாம், பிள்ளை படிக்கட்டும்.

மீதி மூன்று வருஷத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் செமஸ்டரில் வரைபடம், அப்புறம் பொறியியல் பயிற்சி ஆய்வகம். குழாய் மாட்டுவது, மரவேலை, வயரிங், வெல்டிங், சால்டரிங் எல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் வைக்கிறார்களே, அதைப் போடத் தெரிந்துகொண்டுதான் என் மகள் லீவுக்கு வந்தாள். நமக்கு லாபம்தான். இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் பிரிவுப் பாடங்கள் கெட்டியாக இறங்கும். மூன்றாம் வருஷத்திலிருந்து விருப்பப் பாடங்கள் வரும். தன் பிரிவுக்குள் சில, வேறு பிரிவிலிருந்து சில. கூட்டத்தோடு கூட்டமாகப் போகாமல் எந்த வேலைக்குப் போக ஆசையோ அதற்கேற்ப எடுக்க வேண்டும் என்று என் மகள் சொல்லுவாள். கிரெடிட்டே இல்லாத கட்டாயப் பாடங்களும் உண்டு. அந்தப் பட்டியலில் பெண்கள் பற்றிய பாடம் ஒன்றும், யோகா, ஆயுர்வேதம், சித்த வைத்தியம் பற்றி ஒன்றும் இருந்ததைப் பார்த்து எனக்கு வாயெல்லாம் பல். கடைசி செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட்தான், அதற்கு மட்டும் 10 கிரெடிட்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டம் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும். 2013, 2017, 2021 என்று வருஷத்தின் பெயரால் விதிமுறை சொல்வார்கள். சேர்ந்த வருஷத்து விதிமுறை எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணன் புத்தகம் உதவாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி மாதிரித் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் வகுத்துக்கொள்கின்றன. அங்கே சேர்க்கிறவர்கள் அந்தக் கல்லூரியின் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கு மதினிக்கு இன்னொன்றும் சொன்னேன். சென்னை கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் படித்த முதல் பெண் ஏ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கையில் நாலு மாதக் குழந்தையோடு விதவை. அப்புறம்தான் இன்ஜினீயரிங்கில் சேர்ந்து, 1943இல் படித்து முடித்தார். அவருக்குத் துணையாகக் காலேஜுக்கு வந்த இரண்டு பெண்கள் சிவில் படித்தார்கள். உலகப் போர்க் காலம் என்பதால் படிப்பைச் சுருக்கிவிட, வயதில் முன்பின்னாகச் சேர்ந்த மூன்று பேரும் சேர்ந்தே முடித்தார்கள். அவர்களில் பி.கே. திரேசியா 1971இல் கேரளாவில் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே ஆனார். மதினி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கைக்குழந்தைய வச்சுக்கிட்டே படிச்சிருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைத் தட்டி, "எந்திரிச்சு வா, அத்தை வந்துருக்கு, தோசை ஊத்துறேன்" என்றாள்.

பெண் அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறினாள். வேதியியலை அடுத்த பரீட்சையிலேயே தேறிவிட்டாள். கணக்கு அப்போதும் வரவில்லை. மூன்றாவது தடவை எழுதித்தான் வந்தது. அதற்குள் இரண்டாம் செமஸ்டர் கணக்கை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியிருந்தாள், அது எப்படியோ! கூடலூர்க்காரர்களிடம் அண்ணன், "படிப்பு முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் வருத்தமும் இல்லை.

வீட்டில் இருக்கிற நாம் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். செமஸ்டர் தொடங்கும்போது பாடங்களின் பெயர், கிரெடிட், டெஸ்ட் தேதி, பரீட்சை மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி அடுக்களைக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள். "எத்தனை மார்க்?" என்று தினம் கேட்காமல், முதல் டெஸ்ட் முடிந்ததும் "எந்தப் பாடம் புரியல?" என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டாவது டெஸ்ட்டுக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும். பரீட்சைக் காலத்தில் காலையில் வெறும் காப்பியோடு அனுப்பாதீர்கள்; கம்பு, கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் ஒரு முட்டையும் இரண்டு இட்லியும் போதும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். தூக்கமில்லாமல் படித்தது தாளில் வராது. ரிசல்ட் வருகிற நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். சரியாக வரவில்லை என்றால் முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம்.

சென்ற இதழ் பார்த்துவிட்டு உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: மகன் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படிக்கிறான், அவனும் இன்ஜினீயரிங் சேர நாலு வருஷம் ஆகுமா என்று. ஆகாது. டிப்ளமோ முடித்தவர்களை நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், அதற்குத் தனிக் கவுன்சலிங் நடக்கிறது. ஆறு செமஸ்டர் படித்தால் போதும். கையால் செய்கிற ஆய்வக வேலையில் அந்தப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். ஆனால் முதல் வருஷக் கணக்கு இல்லாமல் நேரே மூன்றாம் செமஸ்டர் கணக்கில் போய் விழுவதால் அங்கேதான் திணறுவார்கள். சேருவதற்கு முன் லீவில் முதல் வருஷக் கணக்குப் புத்தகத்தை யாரிடமாவது வாங்கி, மேட்ரிக்ஸும் கால்குலஸும் மட்டுமாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது.